பகலவன் அண்ணனின் பெயரை நீக்குகிறோம்

கூட்டத் தலைவர் தலைமையாசிரியை நிர்மலா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணனின் தாயார் தைலம்மாள் அவர்களே, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவர்களே, வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்பு அபிநயா, கணினி மன்றச் செயலாளர். இன்றைய கூட்டத்தைப் பதிவேட்டில் எழுதப்போவதும் நானே. ஆகவே பேச்சிலும் எழுத்திலும் நடந்ததை நடந்தபடியே சொல்வேன். கூட்டிச் சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது.

நம் மன்றத்தை நிறுவிய பகலவன் அண்ணன் பொறுமைசாலி அல்லர். சென்னையில் மென்பொருள் வேலை. சனிக்கிழமைதோறும் கச்சிராயபாளையம் வந்துவிடுவார். வந்ததும், "இன்னா புள்ளைங்களா, இந்த வாரம் எத உடச்சு வெச்சிக்கினு இருக்கீங்க?" என்பார்.

உடைந்தால் ஒன்று மட்டும் உடையட்டும் என்பது அவர் கொள்கை. நம் கணினிகள், நாம் பாடம் அனுப்பும் மலைப்பள்ளியின் கணினிகள் ஆகியவற்றின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் டவுன்லோட் வேலையைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்தார். ஒரு கூறு பாடத்தைக் கொண்டுவரும். அடுத்தது அனுப்பியவரின் மின்கையொப்பம் நம்பத்தக்கவர்களின் பெயர்ப் பட்டியலில் உள்ளதா என்று சோதிக்கும். கடைசிக் கூறு உரிய இடத்தில் சேமிக்கும். எதற்கு இந்த வீண்வேலை என்று கேட்டோம். மலைப்பள்ளியில் இணையம் அடியோடு நின்றபோது விடை கிடைத்தது. கொண்டுவரும் பகுதியை மட்டும் கழற்றிவிட்டு, பென் டிரைவிலிருந்து எடுக்கும் கூறு ஒன்றைப் பொருத்தினார். மற்றவை எப்போதும்போல் ஓடின.

பென் டிரைவைக் கையில் வாங்கிய மலைப்பேருந்து நடத்துநர் சின்னராசு, "இன்டர்நெட்டுக்கும் டிக்கெட் போடணுமா தம்பி?" என்றார்.

"லக்கேஜுல போடுங்கண்ணே," என்றார் அண்ணன். "இங்க இருக்கற நெட்ட விட வேகமாத்தான் போவுது."

எல்லாப் பாடங்களும் அண்ணனின் கையொப்பத்துடனே போயின. சிறுநீரகம் பழுதாகி அவர் படுத்ததும் கையொப்பம் நின்றது. மலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமும் நின்றது. பொதுத்தேர்வு நெருங்குகிறது. சோதிக்கும் பகுதியைக் கழற்றிவிடலாமா என்று மருத்துவமனையில் கேட்டோம்.

"அதத் தொடாதீங்க. கண்ட குப்பையும் உள்ள போவும். என் பேர எடுத்துட்டு மன்றத்து பேரப் போடுங்க."

"உங்க பேரும் இருக்கட்டுமேண்ணா."

"இருந்தா, நாளைக்கு எவனாவது என் லேப்டாப்ப எடுத்து என் பேர்ல அனுப்புவான். மிஷினு நம்பிடும். செத்தவன் கையெழுத்து செல்லக் கூடாது அபி."

அந்த வாரமே மறைந்தார்.

நண்பர்களே, அவரது பெயரை நீக்குவது கடினமா? பட்டியலில் ஒரே ஒரு வரி. ஆனால் யார் அமர்ந்தாலும் கை வரவில்லை. நேற்று தைலம்மாள் அம்மாவிடம் போனோம்.

"அவன் பேர அழிக்கறதுக்கா கூட்டம் போடறீங்க?" என்றார் அம்மா. அண்ணன் மருத்துவமனையில் சொன்னதைச் சொன்னோம். "அவனே சொன்னானா?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா."

"அப்புறம் என்னை எதுக்கு கேக்கறீங்க? மலையில புள்ளைங்க படிப்பு நின்னுக்கினு இருக்குது. அழிங்க. நான் வந்து பக்கத்துல ஒக்காந்துக்கறேன்."

இதோ, வந்திருக்கிறார். இந்த உரை முடிந்ததும் இங்கே நீக்குவோம். நாளை மலையேறி அங்கும் நீக்குவோம். பாடங்களைத் தொடர்ந்து அனுப்புவோம். சோதிக்கும் பகுதியை எவர் சொன்னாலும் கழற்றமாட்டோம். இனிச் சனிக்கிழமைகளில் எங்களைத் திட்ட யார் வருவார்? அதற்கு மட்டும் எங்களிடம் வழி இல்லை. நன்றி.

பதிவேட்டுக்காக: உரைக்குப் பின் அனைவரும் கணினி அறைக்குச் சென்றோம். அண்ணனின் பெயரை நீக்கி, மன்றத்தின் பெயரைச் சேர்த்தோம். மன்றம் கையொப்பமிட்ட புதிய பாடம் ஏற்கப்பட்டது. பிறகு, சரிபார்ப்பதற்காக, அண்ணன் கையொப்பமிட்ட பழைய பாடம் ஒன்றைச் செலுத்தினோம். திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன.

"இன்னா சொல்லுது?" என்றார் அம்மா.

"இவர் யாருன்னு தெரியாதுன்னு சொல்லுதுங்கம்மா."

"அவன் செஞ்சது சரியா வேல செய்யுதா?"

"செய்யுதுங்கம்மா."

அம்மா தலையசைத்து எழுந்தார். விளக்குகள் அணைக்கப்பட்டன.