ஆதவன் வீட்டுச் சுவர்

— முடியாதுன்னா முடியாதுடி சுலக்ஷி. நிலானி ஆதவன விட்டுட்டுப் போகக் கூடாது. அப்பிடி மட்டும் எழுதுனே, இந்த அண்ணி கையால ஒனக்கு இனி தேத்தண்ணி கெடையாது.

— அண்ணி, அவ வேணாம் வேணாம்னு அழுதா. நோட்டன் பிரிட்ஜ் பங்களாவுக்குத் தூக்கிட்டு வந்து அடைச்சு வச்சுத் தாலி கட்டுறான். நானும் முப்பது அத்தியாயமா அவன நல்லவன்னே எழுதிட்டேன். நாளைக்குக் கடைசி அத்தியாயம் போடணும். செல்போனத் தொறந்தா ஒரே சண்டை.

— யாரு சண்ட போடுறா?

— வாசிக்கிறவங்கதான். இதப் படிச்சுட்டுப் பயலுக பொம்பளப் புள்ளைங்கள இப்பிடித்தான் மடக்கணும்னு நெனப்பானுங்கன்னு ஒரு கூட்டம் திட்டுது. கதையக் கதையாப் பாரு, நெசத்துல எவனாச்சும் செஞ்சா நாங்களே செருப்பால அடிப்போம்ங்குது இன்னொரு கூட்டம்.

— இதுல எது சரி?

— அதாண்ணி புரியல. ரெண்டுமே சரியாத் தெரியுது. எழுதுறப்ப எனக்கே அவன புடிக்குது. நேர்ல ஒருத்தன் கையப் புடிச்சா கத்தி லயத்துல உள்ள அத்தன காம்பரா சனத்தையும் கூட்டிருவேன். பெறகு ஏன் புடிக்குது?

— அடி ஆத்தே, ஒனக்கு மட்டுமா? மலையில கொழுந்து பறிக்கிற எடத்துல சாப்பாட்டு நேரம் நான்தான் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறேன். வெத்தலையக் கூட மறந்துட்டுக் கேப்பாளுக. காளியாயி அக்கா மட்டும், "தாலி கட்டிட்டா அந்தப் பய செஞ்சது சரியாயிருமா?"ன்னுச்சு. எனக்கு வந்துச்சே கோவம்! கூடையத் தூக்கிக்கிட்டு வேற நெரைக்குப் போயிட்டேன்.

— ஒரு கதைக்கா இவ்வளவு கோவம்?

— கதையோ கிதையோ. அவளுக்கு அவன் மேல ஆச வந்தே ஆகணும். வரலைன்னா, அத்தன வருசம் அவன் கூட வாழ்ந்ததுக்கு என்னாடி பேரு?

— எந்த வருசம்? கதையில இன்னும் மூணு மாசங்கூட ஆகலையே.

— சரி, மாசம். என்னமோ ஒண்ணு.

— கதைய வாசிக்கிற ஒரு அக்கா எழுதியிருக்காங்கண்ணி. "எனக்கு நடந்தது இதுதான், தயவுசெஞ்சு அவன நல்லவனாக்காதீங்க"ன்னு. அதப் படிச்சதுலருந்து கையே ஓடல.

— அவளுக்கு ஒரு மாதிரி நடந்துச்சுன்னா எல்லாருக்கும் அப்பிடியா? சும்மா சொல்லாத. பழகப் பழகப் புடிச்சிரும்.

— ஒங்களுக்கென்னா, நீங்களும் எங்க பிரதாப் அண்ணனும் விரும்பி ஓடியாந்தவங்க. டயகம திருவிழாவுலருந்து ஆட்டோவுல வந்து எறங்குனீங்களே, எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. ஒங்க கண்ணெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. பெத்தவங்கள விட்டுட்டு வந்த அழுகைன்னாங்க அம்மா.

— அதெல்லாம் இப்ப எதுக்கு? நீ எழுதுறத எழுது. அவன் கெட்டவன் இல்லடி. மொத நாளு அவ கத்தப் போனாளே, அப்ப கூட அடிச்சானா? வாயத்தான பொத்துனான்? "கத்தாத, சொவரு கூரை வரைக்கும் இல்ல, பக்கத்துக் காம்பராவுல கேக்கும்"னு கெஞ்சத்தான செஞ்சான்?

— அண்ணி...

— என்னாடி அப்பிடிப் பாக்குற?

— ஆதவன் வீடு தனி பங்களாண்ணி. பக்கத்துக் காம்பரான்னு ஒண்ணு என் கதையிலயே இல்ல. நீங்க வந்த அன்னைக்குப் பக்கத்துக் காம்பராவுல இருந்தது அம்மாவும் நானுந்தான்.