மண்டி ஸ்கூலுக்கு வெள்ளிக்கிழமை வந்தவரு

சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்னு நீங்க சொல்றீங்க. நான் இல்லேன்னா சொல்றேன்? மொதல்ல உக்காருங்க சார். அந்த பெஞ்சு வேணாம், ஒரு காலு ஆடும். இங்கிட்டு இந்தக் கல்லுல உக்காருங்க, நெழலா இருக்கு. ஹெச்செம் மேடமா? வெளிய போயிருக்காங்க, வந்துருவாங்க. எங்கன்னு எனக்கு என்ன தெரியும்? நாகராசண்ணே, கேட்டைக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னாங்க. பாத்துக்கிட்டிருக்கேன். நான் இங்க வேலை பாக்கல சார். அந்தா எதுத்தாப்ல தெரியுது பாருங்க, சைக்கிள் கடை, அது நம்மளது. இப்ப கடைன்னு சொன்னா சிரிப்பாங்க. பஞ்சர் ஒட்டுற எடம்னு வச்சுக்கங்க.

செல்லை எதுக்கு எடுக்குறீங்க? வகுப்பைப் போட்டோ புடிக்கவா? வேணாம் சார், கொஞ்சம் பொறுங்க. இப்ப எடுத்தீங்கன்னா வெறும் பெஞ்சுதான் விழும். அதைக் கொண்டுபோய் ஆபீசுல ஏத்திட்டீங்கன்னா, புள்ளைங்க இல்லாத பள்ளிக்கூடம்னு ஆயிரும்ல.

பயந்து பேசலை. பாத்ததைச் சொல்றேன். கெழக்க ஒரு நடுநிலைப்பள்ளி இருந்துச்சு, பேரு வேணாம். ஒருத்தரு வந்தாரு. விசிட்டுன்னாரு. எளநி வெட்டிக் குடுத்தாங்க, குடிச்சாரு. வாத்தியாருக கூடச் சிரிச்சுப் பேசுனாரு. மழை நாளு, பாதிப் புள்ளைங்க வரலை. நாலு போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாரு. இப்ப அந்தக் கட்டடத்துல ரேசன் அரிசி போடுறாங்க. புள்ளைங்க வேற ஊருக்குப் படிக்கப் போகுதுங்க. போகுதுங்கன்னு நான் சொல்றது பயலுகளை. பொம்பளப் புள்ளைங்க ஒண்ணுகூடப் போகலை.

அதனாலதான் கேக்குறேன், கோவிச்சுக்கிடாதீங்க. வாரத்துல அத்தனை நாளு கெடக்கு. நீங்க ஏன் சார் வெள்ளிக்கிழமை மத்தியானமாப் பாத்து வந்தீங்க?

ரூட்டு அப்படி அமைஞ்சுருச்சா. சரி. புதுக்கோட்டையில காலம்பற கெளம்புனா வெயிலுக்கு முன்னாடி இங்க வந்துருக்கலாமே. வழியில எங்கயும் எறங்குனீங்களா? இல்ல, சும்மாதான் கேட்டேன். பைபாஸ்ல ஒருத்தரு இங்கிலீசு மீடியம் ஒண்ணு கட்டியிருக்காரு. வாசல்ல மஞ்ச வேனா நிக்கும். அங்கிட்டுப் போகலையே? போகலேன்னா சரி. வண்டி டயருல செம்மண்ணா அப்பியிருக்கு. அவரு வாசல்லயும் செம்மண்ணுதான் கொட்டிக் கெடக்கு. அதான் கேட்டேன். ரோடு வேலை எல்லாப் பக்கமும் நடக்குதா? ஆமா, அதுவும் நெசந்தான். நடக்குது.

எங்க பயலுகளா? தொழுகைக்குப் போயிருக்காங்க சார். ஜும்மா. இது இன்னிக்கு நேத்து வழக்கமில்ல. இந்தப் பள்ளிக்கூடம் மொளைச்ச நாள்ல இருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு நீள பெல்லு உண்டு. அந்த நேரத்தை மத்த நாளு காலையில கொஞ்சம் முன்னாடியே தொடங்கி ஈடு கட்டிருவாங்க. நீள பெல்லு அடிச்சா ராவுத்தர் வீட்டுப் பயலுக தொப்பிய ஒதறிப் போட்டுக்கிட்டு பள்ளிவாசலுக்கு ஓடுவாங்க. மத்தவன் மட்டும் சும்மா உக்காந்து வம்பளக்கக் கூடாதுன்னு மொத ஹெட்மாஸ்டரு ஒரு ஏற்பாடு பண்ணிட்டாரு. அவங்கள்லாம் கொளத்துல தண்ணி மொண்டாந்து மரத்துக்கு ஊத்தணும். இந்த வேம்பு, அங்க நிக்கிற புங்கை எல்லாம் வெள்ளிக்கிழமை மரம் சார். தொழுதுட்டு வர்ற பயலுக கேலி பேசுவான், எங்களுக்கு நன்மை, ஒங்களுக்கு நனைஞ்ச டவுசருன்னு. இவன் வாளியோட வெரட்டுவான். இதெல்லாம் ஒங்க ஆபீசுக்குத் தெரிஞ்ச ஏற்பாடுதான். ஒங்களுக்கு மட்டும் யாரும் சொல்லலையா? இல்ல, சொல்லித்தான் அனுப்புனாங்களா?

உக்காருங்க சார், எந்திரிக்காதீங்க. கோவப்படுற ஆளுன்னு ஒங்களைப் பாத்தா தெரியலை. சரி, பள்ளிக்கூடத்தைப் பத்தி எழுதணும்னா எதாச்சும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்களேன்.

போர்டுல அரசு உயர்நிலைப்பள்ளின்னு இருக்கு. பஸ்ஸை விட்டு எறங்கி அந்தப் பேரைக் கேட்டா ஒரு பயலுக்கும் தெரியாது. மண்டி ஸ்கூல்னு கேக்கணும். ராசா காலத்துல இது கடலக்கா மண்டி. அசனா ராவுத்தரு கொட்டகை. கடலை இல்லாத மாசத்துல பள்ளிக்கூடம், கடலை வந்துட்டா லீவு. எங்க அப்பாரு சாக்கு மேல உக்காந்துதான் அரிச்சுவடி படிச்சாராம். மண்டி ஸ்கூல்ல படிச்சவன் எங்க போனாலும் சட்டையில கடலத் தொலி ஒட்டியிருக்கும்னு பக்கத்து ஊருக்காரன் இன்னமும் சொல்லுவான். அப்புறம் மைதானத்துக்குன்னு அம்பலகாரர் வீட்டுல வயலை விட்டுக் குடுத்தாங்க. ஹைஸ்கூலும் ஆச்சு. அப்பத்தான் தகராறு. கொட்டகை எங்களது, எங்க பாட்டன் பேரை வைன்னு ராவுத்தர் வீடு. வயலு எங்களது, எங்க பாட்டன் பேரை வைன்னு அம்பலகாரர் வீடு. ரெண்டு பக்கமும் கட்சி கட்டிக்கிட்டு இந்த மரத்தடியில வந்து நின்னுச்சு.

அப்ப இருந்த ஹெட்மாஸ்டரு நல்ல வெவரமான மனுசன். சரிய்யா, எந்த வீட்டுல இருந்து பொம்பளப் புள்ளைங்க ஜாஸ்தி படிக்க வருதோ அந்த வீட்டுப் பேரை வச்சுப்புடுவோம்னாரு. அவ்வளவுதான், கூட்டம் கலைஞ்சு போச்சு. ரெண்டு வீட்டுலயும் பொண்ணு இருந்துச்சு. ஒண்ணும் வரலை. பேரும் வரலை.

சிரிங்க, சிரிங்க. சிரிச்சா நல்லாத்தான் இருக்கீங்க. வாட்சை மட்டும் பாக்காதீங்க.

அப்புறம் எப்படி வந்துச்சா? அது ராசாமுகமது சாரு பண்ணுன வேலை. ட்ரில் மாஸ்டரு. அவரும் இங்க படிச்சவருதான், அசனா ராவுத்தரு வகையறா. ஜூன் மாசம் ஆச்சுன்னா வெயில்ல தெருத்தெருவா ஏறி எறங்குவாரு. தன் மகளைத்தான் மொதல்ல சேத்தாரு, பாசிலான்னு பேரு. கூட நானும் போவேன். ராவுத்தர் தெருவுல அவரு பேசுவாரு, நான் சைக்கிளைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். எங்க தெருவுல நான் பேசுவேன், அவரு புடிச்சுக்கிட்டு நிப்பாரு. நான் அஞ்சாப்பு தாண்டலை சார். பேப்பரை எழுத்துக் கூட்டிக் கூட்டி நானாப் படிச்சதுதான். ஆனா எங்க தெருவுல என் பேச்சு எடுபடும்.

ஒரு தரம் ஜன்னத் பீவின்னு ஒரு அம்மா, கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு வெளுத்து வாங்குது. ஏன்டா, ஊரு வீட்டுக் கொமரையெல்லாம் படிக்கக் கூப்புடுறியே, ஒன் பொண்டாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமாடான்னு. இவரு சட்டுன்னு சொல்றாரு, தெரியாது மாமி, அதனாலதானே என்னையக் கட்டிக்கிட்டா, ஒங்க பேத்திக்கு அந்தக் கதி வேணாம்னு. உள்ள அத்தனை பொம்பளைகளும் கொல்லுனு சிரிச்சிருச்சு. மறுநாளு பேத்தி வந்துருச்சு.

அவரு இப்ப எங்க இருக்காரா? பள்ளிவாசலுக்குத்தான் போயிருக்காரு. வெள்ளிக்கிழமைல்ல. பேசுறதா? இல்ல சார், இன்னிக்கு முடியாது. கூட்டமா இருக்கும்.

ஆமா, தொழுகை இந்நேரம் முடிஞ்சிருக்கணும்தான். வந்துருவாங்க. ஒண்ணா நடந்து வர்றப்ப லேட்டாகத்தானே செய்யும்?

என்ன கேட்டீங்க? பலே. பொம்பளப் புள்ளைங்க ஜும்மாவுக்குப் போகாதே, அவங்க எங்கன்னா? அப்ப நம்ம பக்கத்து வழக்கமெல்லாம் நல்லாத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கீங்க. ஒண்ணுந் தெரியாத மாதிரி தலையை ஆட்டிக்கிட்டு இருந்தீங்களே இவ்வளவு நேரம். அவங்க பின்னாடி சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க. சத்தம் கேக்கலையா? எங்க புள்ளைங்க சத்தம் போடாமச் சாப்புடும் சார். அங்கிட்டுப் போகாதீங்க, சமையக்கட்டு மேல தேனடை தொங்குது. கலைஞ்சுச்சுன்னா ஒங்களைத்தான் மொதல்ல கொட்டும். புது ஆளை அதுக்குப் புடிக்காது.

சார். சார், ஒரு நிமிசம். நான் ஒண்ணு சொல்றேன், அப்புறம் நீங்க எந்த வகுப்பை வேணும்னாலும் படம் புடிங்க. என் கடைக்கு அடுத்த வீட்டுல பவுசியான்னு ஒரு புள்ள, ஒம்பதாப்பு. அத்தா சவுதியில இருக்காரு. அது உம்மா என்ன சொல்லியிருக்கு தெரியுமா? மாடியில நின்னா பள்ளிக்கூடத்து வாசல் தெரியுது, அதனாலதான் அனுப்புறேன் நாகராசண்ணேன்னு. இதை மூடி கீரமங்கலத்து ஸ்கூலோட சேத்துட்டீங்கன்னா மாடியில நின்னா அது தெரியுமா? பயலுக பஸ்ஸு படியில தொத்திக்கிட்டாச்சும் போயிருவான். அந்தப் புள்ளைய வீட்டுல உக்கார வச்சுருவாங்க சார். அடுத்த வருசம் மாப்பிள்ளை பாப்பாங்க. கணக்குல அது எப்படின்னு மேடத்துக்கிட்டக் கேட்டுப் பாருங்க. நான் ஒரு டியூபுக்கு எவ்வளவுன்னு சொல்றதுக்குள்ள அது பாக்கிச் சில்லறை எவ்வளவுன்னு சொல்லும்.

ஒங்க கையில இல்ல, மேல இருந்து வர்றதுன்னு சொல்றீங்க. அந்த எளநி குடிச்சவரும் அதைத்தான் சொன்னாரு.

அந்தா. அந்தா வர்றாங்க பாருங்க. முக்குல வெள்ளையாத் தெரியுதுல்ல? தொப்பிதான். முன்னாடி வர்றது பத்தாப்பு. நெத்தியில துன்னூரு பூசுன பயலும் கர்ச்சீப்பைத் தலையில கட்டியிருக்கான் பாருங்க. பின்னாடி பொம்பளப் புள்ளைங்க, கூடவே மேடம். வாங்க சார், இப்ப எடுங்க செல்லை. எண்ணிக்கங்க. திரும்பத் திரும்ப எண்ணிக்கங்க. பவுசியா அந்தா, ரெண்டு சடை, வெறுங்காலோட வருது பாருங்க, செருப்பை எங்கயோ விட்டுருச்சு கழுத. இத்தனையும் இந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கதான். வெளியில இருந்து ஒண்ணைக்கூடக் கூட்டியாரலை.

தேனடையா? தேனடை இல்ல சார். நான் சொன்னதுதான்.

அழுதுக்கிட்டு வர்றாங்களா? ஆமா. அழுதுக்கிட்டுத்தான் வர்றாங்க. பயலுகளும்தான்.

ஒரு மையத்து சார், சாவு. இங்க படிச்ச ஆளு யாரு போனாலும், எந்தச் சாதி, எந்த மதம்னாலும் பத்தாப்புப் பயலுக தெரு முக்கு வரைக்கும் கூடப் போயிட்டு வர்றது நம்ம ஸ்கூலு பழக்கம். இன்னிக்கு எந்த வகுப்பைப் போகாதேன்னு சொல்ல முடியும்? பயலுக அடக்கம் பண்ற கபர்ஸ்தான் வரைக்கும் போயிட்டாங்க. பொம்பளப் புள்ளைங்க வீட்டுல பாசிலா கூட உக்காந்திருந்துச்சுக. மேடந்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க. ஸ்கூலு நேரத்துல ஸ்கூலையே காலி பண்ணிட்டுக் கூட்டிட்டுப் போனாங்கன்னு நீங்க எழுதுனா அவங்களுக்குத்தானே மெமோ வரும்? அதான் நான் வாயைத் தொறக்கலை. எழுதணும்னா என் பேரை எழுதுங்க. போங்கம்மா, நான் பாத்துக்கிறேன்னு சொன்னது நாந்தான்.

ஆமா. ராசாமுகமது சாருதான். விடியக்காலம் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி. பொய் சொல்லலை சார், பள்ளிவாசலுக்குப் போயிருக்காருன்னுதான் சொன்னேன். பள்ளிவாசல் மைக்குல சாவு சொன்னதைக் கேட்டு எவனாச்சும் ஒங்களுக்குப் போன் போட்டுட்டானோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. இன்னமும் இருக்கு, மறைக்கலை.

ஒங்க காரு முக்கு திரும்புறப்ப நான் கேட்டைச் சாத்திட்டு கடை வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு நின்னேன். பள்ளிவாசல் வாசல்ல நின்னா, தொழுகை முடிஞ்சு மையத்தை வச்ச சந்தூக்குப் பெட்டி வெளிய வர்றப்ப தோள் குடுத்துறலாம்னு. என் பொண்டாட்டி செவந்தி செத்துத் தூக்குனப்ப மொதத் தோளு அவன் தோளுதான் சார். மாமா, நீ முன்னாடி நட, நான் பாத்துக்கிறேன்னான். அவன் என்னைய மாமாம்பான், நானும் அவனை மாமாம்பேன். யாரு மாமன், யாரு மச்சான்னு ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் முடிவு பண்ணவே இல்ல. காரைப் பாத்தேன். கதவுல ஒட்டியிருந்த ஆபீசு ஸ்டிக்கரைப் பாத்தேன். திரும்பி இங்கிட்டு வந்துட்டேன்.

வேணாம் சார், நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. எழுதுறதை எழுதுங்க. மேடம் வந்து மொகத்தைக் கழுவிட்டு ஒங்ககிட்டப் பேசுவாங்க. நான் ஒரு எட்டு போயிட்டு வாரேன். மண்ணுப் போட்டு முடிச்சிருப்பாங்க. ஆனாலும் ஈரமாத்தான் இருக்கும். போயி நின்னேன்னா, அவன் மொதல்ல கேக்குறது இதாத்தான் இருக்கும், கேட்டை யாருகிட்ட மாமா விட்டுட்டு வந்தேன்னு.

ஒங்ககிட்டன்னு சொல்லவா சார்?