விடுபட்ட ஒரு சொல்

என் பத்திரிகையை வாங்கியவர்களில் பாதிப் பேர் படிக்க வாங்கவில்லை. காற்று புகும் பலகைச் சுவர் இடுக்குகளை அடைக்கத்தான் வாங்கினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை ஐயா. மோன்டானா குளிர் அப்படி.

என் பெயர் மாலகி டெவேன். பிறந்தது அயர்லாந்தில், மேயோவில். செயின்ட் லூயிஸில் அச்சுக்கோக்கக் கற்றேன். அங்கே ஒருநாள், வில்லோ ஃபோர்டு என்ற சுரங்க ஊரில் ஹொரேஸ் பென்ஃபோல்டு என்பவர் மாவுக்கடை திறந்திருக்கிறார் என்று ஏதோ பத்திரிகையில் இரண்டு வரி பார்த்தேன். அடுத்த வசந்தத்தில் ஒரு கை அச்சு இயந்திரத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து 'மலைத்தூதன்' பத்திரிகையைத் தொடங்கினேன்.

பென்ஃபோல்டு மேயோவில் எங்கள் நிலப்பிரபுவின் காரியஸ்தர். உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தின் இரண்டாம் குளிர்காலத்தில், குத்தகை கட்டவில்லை என்று எங்கள் கூரையைப் பிரித்துப் போட்டார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எங்களுக்கு இடம் கொடுப்பவர் கூரையும் பிரிக்கப்படும் என்று வீடுவீடாகச் சொல்லிவிட்டுப் போனார். பதினோரு கதவுகளைத் தட்டினோம். ஒன்றும் திறக்கவில்லை. அம்மாவும் தங்கை ப்ரீஜும் சாலையோரப் பள்ளத்தில் மூன்றாம் நாள் செத்தார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

வில்லோ ஃபோர்டில் எனக்கு முதல் விளம்பரம் கொடுத்தவர் அவர்தான்.

"அயர்லாந்தா? நானும் மேயோவுல கொஞ்ச வருஷம் இருந்தேன். ஆத்துல அருமையா மீன் கிடைக்கும். ஜனங்கதான் சுத்த சோம்பேறிங்க. உங்களச் சொல்லல, டெவேன்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று வருடம் அவர் விளம்பரத்தை ஒரு பிழையில்லாமல் அச்சிட்டேன். அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவர் மனைவி நல்லவள்.

இந்த பிப்ரவரியில் அவர் மகள் எடித்துக்கு உடம்பெல்லாம் கொப்புளம். மேல்சுரங்கத்தில் நடந்த விபத்துக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டர் லிண்ட்குவிஸ்ட், குதிரையிலிருந்து இறங்காமலே என் வாசலில் நின்றார்.

"பென்ஃபோல்டு பொண்ணுக்கு வெறும் சின்னம்மைதான். எவனாவது புரளி கெளப்புறதுக்கு முன்னால பேப்பர்ல தெளிவாப் போட்டுருங்க. நான் வர நாலு நாளாகும்."

வியாழக்கிழமை போட்டேன். 'பென்ஃபோல்டு வீட்டில் அம்மை கண்டிருக்கிறது. மருத்துவர் பார்த்துச் சென்றிருக்கிறார்.' இரண்டு வாக்கியமும் உண்மை. 'சின்ன' என்ற ஒரு சொல் விடுபட்டது, அவ்வளவுதான். முந்தைய ஆண்டு பக்கத்து ஊரையே பெரியம்மை காலி செய்திருந்தது என்பது உங்களுக்கும் தெரியும்.

மதியத்துக்குள் கொல்லன் ஸ்ட்ரவுட் மூச்சிரைக்க வந்தான். "ஏன்யா டெவேன், நெசமாவா? எம் புள்ளைங்க அந்தக் கடை மாவத்தான்யா தின்னுதுங்க."

"நான் எழுதினதத்தான் படிச்சியே," என்றேன்.

பொழுது சாய்வதற்குள் முப்பது பேர் துப்பாக்கியோடு அந்த வீட்டின் முன் நின்றார்கள். ஒரு வண்டியும் ஒரு கோவேறு கழுதையும் கொடுத்து, கணவாயைத் தாண்டிப் போய்விடச் சொன்னார்கள். பென்ஃபோல்டு எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தார்.

"டாக்டர் உங்ககிட்ட சொன்னாராமே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க, டெவேன். வெளிய பனி கொட்டுது."

அப்போதுதான் நான் யார் என்று சொன்னேன். அம்மா பெயரையும் சொன்னேன்.

"எத்தனையோ வீட்டப் பிரிச்சோம். உங்க வீடு எதுன்னு எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

பொய் சொல்லவில்லை அவர். உண்மையிலேயே நினைவில்லை.

"திருத்தம் அடுத்த வியாழக்கிழமைதான் போட முடியும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

கணவாயில் தாயும் மகளும் உறைந்து போனார்கள். அவர் இரண்டு பாதங்களையும் இழந்து பிழைத்துக்கொண்டார். நான் நினைத்ததும் அதுதான். அவர் சாக வேண்டும் என்று ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அந்தக் குழந்தைமீது எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. சொன்னபடியே திருத்தமும் போட்டேன். அதற்குக் கீழே எடித்துக்கு எழுதிய இரங்கல் குறிப்பைப் படித்து ஸ்ட்ரவுடின் மனைவி கடைவீதியில் நின்று அழுதாளாம். இவ்வளவு பரிவாக எப்படி எழுதினாய் என்று பலரும் கேட்டார்கள்.

அவசரமில்லாமல் எழுதியதுதான் காரணம் ஐயா. புதன்கிழமையே, அம்மைச் செய்தியோடு சேர்த்து அதையும் கோத்து வைத்துவிட்டேன். வயதுக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். கதவைச் சாத்துவதற்கு முன் அவரிடமே கேட்டேன். இரக்கப்பட்டுக் கேட்கிறேன் என்று நினைத்து, ஒன்பது என்றார்.