ஆமை நிரபராதி

தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது. இது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, காலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நீரில் வாழும் ஆமைக்கு விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கும். தரை ஆமையின் கால் யானையின் கால் மாதிரி உருண்டையாக, செதில் செதிலாக இருக்கும். எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் இதைப் படம் போட்டு நடத்துகிறேன். என்னிடமே அதைப் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கிய எல்லப்பன்தான் ஒரு தரை ஆமைக் குட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்திருந்தான்.

நீங்கள் என் அண்ணன் நாகப்பன் இறந்ததைப் பற்றி மட்டும் சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அதைத்தான் சொல்கிறேன். ஆமையை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது. ஆமை என்றதும் உங்கள் ரைட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார், பாருங்கள். காக்கிச் சட்டை போட்டவருக்கே இந்தப் பயம் என்றால் எங்கள் தெருக்காரர்களை என்ன சொல்ல? பேனாவைத் திறந்து எழுதச் சொல்லுங்கள் அவரை. எனக்குக் கொஞ்சம் அவசரம், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் பாண்டுரங்கன். ஊர் வல்லம். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் நானும் அண்ணனும் மட்டும்தான். அண்ணி போய்ப் பல வருஷம் ஆகிறது. அண்ணனுடைய ஒரே பெண் மஞ்சுளாவை அரக்கோணத்தில் கொடுத்திருக்கிறது.

எல்லப்பன் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரன். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்ட், ஓ.டி., சூப்பர்வைசர் என்று நாலு வார்த்தை கற்றுக்கொண்டதோடு அவன் படிப்பு முடிந்துவிட்டது. இந்தச் சித்திரையில் கம்பெனியைப் பெரிதாக்குவதற்காகப் பக்கத்துக் கரம்பு நிலத்தில் புல்டோசர் விட்டார்கள். புரட்டிப் போட்ட மண்ணில் இந்தக் குட்டி கிடைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று ஆமை விடுவது வழக்கம். விடுவது நீர் ஆமையை. எல்லப்பனுக்கு எல்லா ஆமையும் ஒன்றுதான். கிணற்றில் விட இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று கொல்லையில் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியில் போட்டுவிட்டான். வீட்டுக்குள் வைக்கப் பயம். ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்குக் கேடு என்று இவர்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டல்லவா?

நான் பார்த்தபோது அது செத்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் குட்டி. தொட்டியில் கிடந்த செங்கல் துண்டின் மேல் முன்னங்காலைப் போட்டு, மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. மூக்கில் நுரை. ஓட்டின் மேல் இருக்க வேண்டிய அழகான நட்சத்திரக் கோடுகள் பாசியில் மறைந்திருந்தன. விரலால் அழுத்தினால் ஊறிய அப்பளம் மாதிரி ஓடு அமுங்கியது. சுற்றிலும் பழைய சோற்றுப் பருக்கை மிதந்தது.

"டேய், அது சாவுதுடா" என்றேன்.

"ஆமை எங்கியாச்சும் தண்ணில சாவுமா சார்? நீங்க ஒண்ணு" என்று சிரித்தான்.

இவனுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மரப்பெட்டியில் உலர்ந்த மணலும் வைக்கோலும் பரப்பினேன். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரைத் தட்டில் விரல் மட்டத்துக்கு ஊற்றி அதில் சற்று நேரம் நிற்க வைப்பேன். பிறகு துடைத்து வெயில். கண்ணை உப்புத் தண்ணீர் நனைத்த பஞ்சால் துடைப்பேன். முருங்கைக் கீரை, செம்பருத்திப் பூ, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. ஓடு கெட்டிப்பட வேண்டும் என்று முட்டை ஓட்டை மாவாகப் பொடித்துக் கீரையில் தூவுவேன். முதலில் அது வாயே திறக்கவில்லை. ஒரு கீரை இலையை அதன் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு குந்தியபடி காத்திருப்பேன். கை மரத்துப்போகும். பசித்த உயிருக்கு ஊட்டுவதென்றால் அவசரப்படக் கூடாது. எனக்கு அந்தப் பொறுமை உண்டு. பள்ளி விடுமுறை வேறு, நேரத்துக்குக் குறைவில்லை.

இனி அண்ணன்.

பொங்கல் கழிந்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை அசையும். கண் நன்றாகப் பார்க்கும். கஞ்சியைக் கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தொண்டையைத் தடவிக்கொடுத்தால் விழுங்குவார். ஒரு கிண்ணம் இறங்க வெகு நேரம் ஆகும். அதை எதிர்வீட்டு ஞானம்மா செய்துகொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. அவள் புருஷன் இறந்தபோது அண்ணன் அவள் நிலத்துக்கும் சேர்த்து ஏர் ஓட்டிக்கொடுத்தாராம். மூன்று வேளையும் கிண்ணத்தோடு வந்துவிடுவாள்.

அவள் மட்டும் வந்தால் பரவாயில்லை. ஊரே வந்தது. வல்லக்கோட்டை கோயில் பிரசாதம் என்று ஒருவர், விபூதி என்று ஒருவர், சும்மா பார்த்துவிட்டுப் போக நாலு பேர். வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். "ராவும் பகலும் ஏர் ஓட்டி உன்ன வாத்தியாராக்கிவுட்ட மனுசன், இப்பிடி கெடக்கறாரே" என்பார்கள். நான் பிறந்ததிலிருந்து கேட்கும் பாட்டு இது. கல்லூரிக்குப் போனதும், பேனா பிடித்ததும், செருப்புப் போட்டதும் எல்லாம் அண்ணன் உழைப்பு. என் மூளைக்கு அதில் பங்கே கிடையாது. எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது, இன்னும் நாகப்பன் தம்பி. அவர் பேசுகிற காலத்திலும் ஒரு நாள் இதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சொல்லாமலே இருந்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆமைப் பெட்டியை நான் வாசல் நடையில் வைத்தேன். காலை வெயில் அங்கே விழும் என்பதற்காக.

மறுநாள் ஞானம்மா கிண்ணத்தோடு வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். "இன்னா வாத்தியாரே இது? ஆமைய வூட்டுக்குள்ள வெச்சிக்கினு கீறீங்க!" என்றாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபத்துக்குப் போகிறவள். பைபிள் கையில் இருக்கும்போது ஆமை எப்படி அவளைக் கடிக்கும் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, "நீங்களே ஊட்டிவுடுங்க, சூடு ஆறிப்புடும்" என்று சொல்லிப் போய்விட்டாள். அன்றைக்கே விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. வெற்றிலைக் கூட்டம் நின்றது. விபூதி நின்றது. பகுத்தறிவை நாலு மேடை போட்டுப் பேசினாலும் இவர்கள் திருந்த மாட்டார்கள், ஆனால் உள்ளங்கை அளவு ஒரு ஆமைக்குப் பயந்து ஒரு தெருவே எதிர்ப்பக்கமாக நடந்தது. வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் அனுபவித்ததே இல்லை.

கஞ்சியை நான் உள்ளே எடுத்துப் போனேன், அது உண்மை. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி மேல் வைத்தேன், அதுவும் உண்மை. வலது கைப் பக்கம் வைத்தேன். சற்றுப் பொறுத்து அதைக் கொல்லையில் கோழிகளுக்கு ஊற்றி, கிண்ணத்தைக் கழுவி, படியில் வைத்துவிடுவேன். ஞானம்மா வந்து எடுக்கும்போது, "முச்சூடும் சாப்ட்டாரா?" என்பாள். "சாப்பிட்டார்" என்பேன். அவள் முகம் மலர்ந்துவிடும். சுத்தமான கிண்ணத்தைக் கண்டால் வயிறு நிறைந்தது என்று நம்புகிற புத்தி. மறுநாள் கஞ்சியில் இன்னும் கொஞ்சம் பால் சேர்த்துக் கொண்டுவருவாள்.

நான் அவரை முழுப் பட்டினி போட்டுவிடவில்லை. தண்ணீர் கொடுத்தேன். சில நாள் இரண்டு கரண்டி கஞ்சியும் கொடுத்தேன். ஆமைக்கு ஊட்டி முடித்த பிறகு கை ஓய்ந்துபோயிருக்கும், அவ்வளவுதான் முடிந்தது. வேண்டியபோது கூப்பிட அவர் பக்கத்தில் ஒரு பித்தளை டம்ளர் இருந்தது. இடது கையால் அதைக் கட்டில் சட்டத்தில் தட்டுவார். தட்டிக்கொண்டே இருப்பார். ஆமைக்குத் தரை அதிர்ந்தால் ஆகாது, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிடும். ஆகவே டம்ளரை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அவரை ஒரு நாளும் நான் கடிந்து பேசியதில்லை.

ஒரு நாள் காலை ஆமை கண்ணைத் திறந்தது. சிறிய, கறுத்த, பளபளக்கும் கண். என்னைப் பார்த்தது. செம்பருத்தி இதழை நீட்டினேன், கழுத்தை நீட்டிக் கடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சார். எவ்வளவோ பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், என் கையால் ஒரு உயிர் பிழைத்தது அன்றைக்குத்தான். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. அவருக்கும் சந்தோஷம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மே மாதம் கடைசியில், அந்தக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எங்கே பார்த்தாலும் உங்கள் ஆட்களாக இருந்தார்கள். பஸ் சரியாக ஓடவில்லை. அது தணிந்த பிறகு மஞ்சுளா அப்பாவைப் பார்க்க வந்தாள். மாசமாக இருந்தாள். மாமியாரும் கூட வந்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் அந்த அம்மாள் மருமகள் கையைப் பிடித்து இழுத்தார். "வயித்துல புள்ளய வெச்சிக்கினு ஆமை கீற வூட்டுக்குள்ள போவியா?"

தெருவிலிருந்து பார்த்தால் அண்ணனின் பாதம் மட்டும் தெரியும். அவள் அங்கேயே நின்று, "அப்பா, நாந்தாம்பா மஞ்சு வந்துக்கிறேன்" என்று கூப்பிட்டாள். அண்ணனின் இடது கை கட்டில் ஓரத்தைத் துழாவியது. டம்ளர் அலமாரியில் இருந்தது.

"சித்தப்பா, அந்தப் பொட்டிய கொஞ்சம் அப்பால எடுத்து வைங்க சித்தப்பா. வூட்ட கழுவிவுட்டா அத்த ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அப்பா மூஞ்சிய ஒரு தபா பாத்துட்டு போயிடறேன்" என்று கும்பிட்டாள்.

படித்தவன் ஒருவன் இதற்கு இணங்கினால் இந்த நாடு எப்படி உருப்படும்? மூடநம்பிக்கைக்கு நான் இடம்கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். வேண்டுமானால் ஆமையைத் தாண்டி வா, ஒன்றும் ஆகாது, சித்தப்பா பொறுப்பு என்றும் சொன்னேன். அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். மாமியார் விடவில்லை. கட்டிலோடு அவரை வெளியே தூக்கி வரலாமே என்று ஞானம்மா எதிர்வீட்டிலிருந்து குரல் கொடுத்தாள். அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். எந்த டாக்டர் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மஞ்சுளா தெருவிலேயே விழுந்து, அந்தப் பாதத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆனி மாதத்தில் அண்ணன் போய்விட்டார். குளிப்பாட்டிய ஆட்கள் அவர் எலும்பும் தோலுமாக இருந்ததைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஆமை உறிஞ்சிருச்சி." நம்புவீர்களா? பூவிதழைத் தின்னும் ஒரு குட்டி! எல்லப்பன் மண்ணில் விழுந்து புரண்டான். "நாந்தான் கொண்டாந்தேன், நாந்தான் நாகப்பண்ணன சாவடிச்சிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான். இந்த மடையனுக்குக் குற்றத்தைக்கூடச் சரியாக இனம் காணத் தெரியவில்லை.

அதற்கு மேல் நடந்ததுதான் என்னை இங்கே கொண்டுவந்திருக்கிறது. சுடுகாட்டிலிருந்து நான் திரும்புவதற்குள் பெட்டியிலிருந்து ஆமையைக் கோலால் தள்ளி எடுத்துப் போயிருக்கிறார்கள். கொன்றால் பாவம் பிள்ளைகுட்டிகளைச் சுற்றுமாம், எவனுக்கும் தைரியம் இல்லை. ஏரிக்கரையில் வைத்து, கலவை அள்ளும் இரும்புச் சட்டியை அதன் மேல் கவிழ்த்து, மேலே கருங்கல்லை ஏற்றிவிட்டார்கள். தானாகச் சாகட்டும் என்று சுற்றி நிற்கிறார்கள். நான் கல்லில் கை வைத்தபோது எல்லப்பன் என்னைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் சார், ஒரு உசுரு போனது போதும்" என்றான். ஆமை ஒன்றும் செய்யவில்லை, செய்தது நான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். துக்கத்தில் வாத்தியார் பினாத்துகிறார் என்று ஞானம்மா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆகவே உங்களிடம் தெளிவாகச் சொல்கிறேன், ரைட்டர் இதை அப்படியே எழுதட்டும். காலை வெயில் எங்கள் கொல்லையில்தான் நன்றாக விழும். பெட்டியை நடையில் வைத்தது ஆட்கள் உள்ளே வராமல் இருக்க. நாகப்பனைப் பட்டினி போட்டுக் கொன்றது நான், அவருடைய தம்பி பாண்டுரங்கன். அந்த ஆமைக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். என்னை எப்போது வேண்டுமானாலும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு கான்ஸ்டபிளை ஏரிக்கரைக்கு அனுப்புங்கள். அது நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, சார். வாயில்லாத ஒரு ஜீவன் பசியோடு கிடக்கும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வராது.