பின்வரிசைக்குப் போகாத பன்னிருவர்

அவைக்குத் தலைமையேற்று அமைதியாக அமர்ந்திருக்கும் ஐயா வெங்கடசுப்ரமணியன் அவர்களே, வலியசாலைத் தமிழ்ச் சங்கத்தை வளர்த்த மூத்தவர்களே, கிழக்கேகோட்டையில் பேருந்து மாறி வந்து, நாற்காலி கிடைக்காமல் நின்று கேட்கும் தாய்மார்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

கைதட்ட வேண்டாம். தட்டிய கைகள் பிறகு வருந்தும்.

எனக்கு ‘வான்வழி தந்த வித்தகி’ என்று பட்டம் கொடுக்கப் போகிறீர்களாம். இங்கிருந்து திருச்சிக்கு மீண்டும் விமானம் வேண்டுமென்று இந்த 2004இல் எழுதும் மனுவில் முதல் கையொப்பமும் நான்தான் போட வேண்டுமாம். ஆறாண்டுக்கு முன் அப்படியொரு மனுவை எழுதியவள் நானே. அதற்கு இரங்கி ஒரு நிறுவனம் விமானம் விட்டது. நூறு பேர் அமரும் சின்னஞ்சிறு ஜெட். நடுவே ஒற்றை நடைபாதை. நெரிசல் இல்லாத வழிக்கென்றே, நெடுந்தொலைவு போகாத ஊருக்கென்றே நேர்ந்துவிட்ட விமானம். பெருவிமானங்கள் பாராத நம்மைப் பார்த்த விமானம். பதினொரே மாதத்தில் நின்றும் போனது. அது ஏன் நின்றது என்று நான் பேச வரவில்லை. அதன் முதல் நாளைப் பற்றிப் பேச வந்தேன்.

அன்று சங்கத்தார் முப்பத்தெட்டுப் பேர் ஏறினோம். எப்படி ஏறினோம்? இந்த மண்டபத்தில் யார் முன்வரிசை, யார் இரண்டாம் வரிசை என்று நாம் வைத்திருக்கும் மூப்புப் பட்டியல் உண்டல்லவா? அதே பட்டியலை, செயலாளரான நான், விமானத்துக்கும் எழுதினேன்! விமான நிலையத்தில் நின்று வாதாடி முதல் பத்து வரிசைகளை வாங்கினேன். பின்னே இருந்தவர் ஒரே ஒருவர். வேல்சாமி, கட்டடத் தொழிலாளி. திருச்சியில் மகள் வீட்டில் இருந்த அவருடைய தாய் அன்று காலை இறந்துவிட்டார். பேருந்தில் போனால் முகம் பார்க்க முடியாதென்று மேஸ்திரி டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார்.

மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். பணிப்பெண் ஜெஸ்லின் வந்தார். “அம்மா, எடை முழுக்க முன்னாடி இருக்கு. ஒரு பன்னிரண்டு பேர் பின்னாடி மாறினா போதும், உடனே கிளம்பிடலாம்.”

யார் மாறுவார்?

“ஸ்தாபகரோட பேரனாக்கும் நான்! எனக்கு இருபதாம் வரிசையா?” என்றார் ராமசுப்ரமணியன்.

“பின்னால போய் ஒக்காரவா இந்தப் பட்டுப்புடவையைக் கட்டிண்டு வந்தேன்?” என்றார் வாலாம்பாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்த பிறகு என்னைப் பாருங்கள். நான் யார்? முப்பத்தோராண்டு கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவள். நெம்புகோல் கற்பித்தவள். ஈர்ப்பு மையம் கற்பித்தவள். அந்தப் பெண் கேட்டது என்னவென்று அந்த விமானத்தின் பயணிகளுள் எவரையும்விட நன்றாக அறிந்தவள்! அறிந்தும் என்ன சொன்னேன்? “பட்டியல் பட்டியல்தான்” என்றேன்.

அப்போது வேல்சாமி முன்னே வந்தார். “அம்மா, எங்க அம்மைய அஞ்சரைக்கு எடுத்துருவாங்க. கொஞ்சம் பின்னால வாங்கம்மா. என் சீட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க, நான் நின்னுக்கிட்டே வாரேன்.”

நான் சொன்ன விடையைக் கேளுங்கள். “உன் இடத்தில் போய் உட்கார். சங்கத்து விஷயத்தில் தலையிடாதே.”

நாற்பது நிமிடம்! இறுதியில் விமானியே வந்து, எல்லோரையும் இறக்கிவிடுவேன் என்ற பிறகே பன்னிருவர் எழுந்தோம். அதற்குள் கடல் பக்கமிருந்து மழை வந்து ஓடுபாதையை மறைத்தது. கிளம்பும்போது மணி ஐந்து. திருச்சியில் நமக்கு மாலையும் மேளமும் காத்திருந்தன. மேளக்காரர்களை விலக்கிக்கொண்டு வேல்சாமி ஓடினார்.

“டீச்சரே, அது பழைய விஷயமல்லே!” என்று அங்கே ஒருவர் சொல்கிறார். உங்களுக்குப் பழையது, தம்பி. நீங்கள் அந்த விமானத்தில் இல்லை.

நான்கு மாதம் கழித்து என் வீட்டுப் பின்சுவரைக் கட்ட வந்த ஆள் அவரேதான். என்னை அடையாளம் தெரிந்தும் தம் வேலையைப் பார்த்தார். மூன்றாம் நாள் நானே கேட்டேன். “நேரா சுடுகாட்டுக்குத்தான் போனேன்மா. நெருப்பு பாதி இறங்கிருச்சு. முகம் பாக்கல” என்றார். பிறகு, செங்கல் நனைக்கத் தண்ணீர் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. தண்ணீர் கொடுத்தேன்.

அதனினும் கேவலம் ஒன்றுண்டு. அவ்வாண்டு சங்க அறிக்கையில் ‘மழையினால் முதல் விமானம் தாமதமாயிற்று’ என்று எழுதினேன். நாம் அசையாதிருந்ததை அழகாக மறைத்தேன். படித்தவள் எழுதினால் பொய்க்குக்கூட இலக்கணம் தவறுவதில்லை!

சென்ற வாரம் வேல்சாமியைத் தேடிப் போய், ஆறாண்டு தாமதமாக மன்னிப்புக் கேட்டேன். இந்த மேடைக்கும் அழைத்தேன். “நான் வந்து என்னம்மா செய்ய? நடந்ததை நீங்க சொல்லிக்கிடுங்க” என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கில்லை.

ஆகவே தலைவர் அவர்களே, அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம். அறிக்கையின் அந்த வரியை இந்த அவையிலேயே அடித்துவிட்டு, ‘செயலாளரும் உறுப்பினரும் இடம் மாற மறுத்ததால் தாமதமாயிற்று, அதனால் வேல்சாமி தம் தாயின் முகத்தைக் காணவில்லை’ என்று எழுதுங்கள். பேனா கொண்டுவந்திருக்கிறேன். இதோ, என் கையொப்பத்தை நான் முதலில் இடுகிறேன். அந்த விமானத்தில் இருந்த மற்றவர்கள் மேடைக்கு வரலாம். எந்த வரிசையில் வந்தாலும் சரி.

கசப்பைக் கடைசிவரை கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. நின்றே கேட்ட தாய்மார்களுக்குத் தனி வணக்கம். முன்னே சில நாற்காலிகள் இப்போது காலியாகும், அமருங்கள்.