பிழையும் பிழைப்பும்

உங்கள் வாசல் பலகையில் 'விசாரனை அறை' என்று எழுதியிருக்கிறது, ஐயா. மூன்று சுழி ண போட வேண்டும். நுழையும்போதே சொல்லியிருப்பேன். வந்ததும் வராததுமாக நொட்டை சொல்கிறாளே என்று நினைப்பீர்கள் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். இருபத்து மூன்று வருஷப் பழக்கம். கண் தானாகப் போய் அங்கே நிற்கும்.

கல்லூரி அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், முதல்வரின் ஆண்டு விழாப் பேச்சு, எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். எனக்குப் பெயரே 'பிழை அக்கா' என்றாகிவிட்டது. "பிழை இருக்கிற வரைக்கும்தான் உனக்குப் பிழைப்பு" என்று மேஸ்திரி கேலி செய்வார். பிறகு எல்லாம் கணினிக்குப் போய்விட்டது. அச்சகத்தைப் பூட்டி, எங்கள் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது. கல்யாணப் பேச்செல்லாம் எப்போதோ வந்த வழியே போயிருந்தது. ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை, அந்தக் கடிகாரம், நான்.

வேறு வேலை தேடினேன். கல்லூரி விடுமுறை விட்டால் தெருவில் நாய்கூட நடக்காத ஊர் இது. நூலகத்துக்கு ஒரு குமாஸ்தா, விடுதிக்கு ஒரு மேட்ரன், புத்தகக் கடைக்கு ஒரு விற்பனையாள். எல்லாரும் உட்கார்ந்த இடத்தில் வேர் விட்டவர்கள். "இந்த ஊர்ல வேலை காலியாகணும்னா ஆள் காலியாகணும்க்கா" என்று நூலகக் குமாஸ்தா சிரித்தார். ஏழு மாதம் நடையாய் நடந்தேன். வெளியூர் போயிருக்கலாமே என்பீர்கள். அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாதவளை எந்த ஊர் வா என்று கூப்பிடும்? கட்டிலில் உட்கார்ந்து கீழே மெஷின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். குரல் மறந்துவிடுமோ என்று பயந்து, மாத்திரை அட்டையில் இருப்பதைச் சத்தமாக வாசித்ததும் உண்டு.

குமாஸ்தாதான் அவளைப் பற்றிச் சொன்னார். இருபத்தாறு வயது, பிறவியிலேயே பார்வை இல்லை, வரலாற்றில் பட்டம் வாங்கியவள். ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறாள். பாடம் வாசித்துக் காட்ட வேண்டும். தேர்வறையில் அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். சம்பளம் கல்லூரி உதவி நிதியிலிருந்து வரும், அவள் தேர்ச்சி பெறும் வரைக்கும். அந்தக் கடைசி விஷயத்தை அவர் சும்மாதான் சொன்னார். நானும் சும்மாதான் கேட்டுக்கொண்டேன்.

அவளுடைய அண்ணன் வீட்டில் பின்னறை அவளுக்கு. ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கும். அவளுக்கு அதனால் நஷ்டமில்லை என்று அண்ணி சொல்வாள். ஒருமுறை கேட்டதை அவள் மறக்கவே மாட்டாள். முந்தின வாரம் நான் எந்த வரியில் இருமினேன் என்பதுவரை சொல்லுவாள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் 'ரேடியோ'. காலை பத்து மணிக்கு நான் படியேறும் சத்தம் கேட்டதுமே, "அக்கா, இன்னைக்குச் செருப்பு புதுசா?" என்பாள். ஐயா, என் காலில் என்ன இருக்கிறது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியாது.

முதல் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் சொன்னாள், நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் வைத்திருக்கிறார்களாம். தேர்ச்சி பெற்றால் போதும். தங்க அறை உண்டு, புத்தகத்தை வாசித்துக் காட்டும் இயந்திரம் உண்டு. "அங்க போயிட்டா யாருக்கும் தொந்தரவு இல்லக்கா" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. நானும், "நல்லதும்மா" என்றேன். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தேர்வில் எங்களுக்குத் தனி அறை. தொடங்குமுன் நான் ஓர் உறுதிமொழி வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 'சொன்னதை மட்டும் எழுதுவேன். சேர்க்க மாட்டேன், விட மாட்டேன், திருத்த மாட்டேன்.' மேற்பார்வையாளர் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிப்பார். மூன்றாவது கேள்விக்கு அவள், "வரி உயர்ந்ததால் குடிகள் ஊரை விட்டுப் போனார்கள்" என்றாள். நான் 'குறைந்ததால்' என்று எழுதினேன். அவ்வளவுதான். பிறகு ஓர் ஆண்டில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றினேன். அச்சகத்தில் இப்படி ஓர் எழுத்து புரண்டதால் முந்நூறு பிள்ளைகள் தவறாக விடை எழுதியிருக்கிறார்கள். எந்த இடத்தில் கை வைத்தால் எவ்வளவு சரியும் என்பது எனக்கு அத்துப்படி.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்வாள். விதியில் அதற்கு இடமுண்டு. அவள் சொன்னதைச் சொன்னபடியே வாசித்துக் காட்டுவேன். தாளில் இருப்பது வேறு என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நான்கு மதிப்பெண்ணில் தவறிவிட்டாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்து, "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன். மனசு கஷ்டப்பட்டது, பொய் சொல்லவில்லை. வருஷத்துக்கு இரண்டு தேர்வு. மொத்தம் ஐந்து எழுதினோம். மூன்று, ஆறு, நான்கு, ஐந்து என்றுதான் குறையும். ஒரேயடியாகக் குறைத்தால் நம்பிக்கை போய்விடும் அல்லவா? நான் பேராசைக்காரி இல்லை.

மூன்றாவது முறைக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடம் வேறு ஆளைப் போட்டுக்கொண்டது. அண்ணி பின்னறையில் பாதியைப் பழைய சாமான் போட எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தன் ஞாபகத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரே பக்கத்தை நான்கு முறை வாசிக்கச் சொல்வாள். "நான் சரியாத்தானே சொன்னேன், அக்கா?" என்று கேட்பாள். "நீ சொன்னதைத்தாம்மா எழுதினேன்" என்பேன். அதற்குமேல் அவள் கேட்பதில்லை. பேச்சு குறைந்தது. செருப்பைப் பற்றிக் கேட்பது நின்றது. "ரேடியோ ரிப்பேர் ஆயிடுச்சு" என்றார் அண்ணன், அவள் காதுபடவே. வெளியே வருவதையே விட்டுவிட்டாள். கூடத்துக்குச் சாப்பிட வருவது, திரும்பிப் போய் அந்தச் சாமான்களுக்கு நடுவில் உட்காருவது. நாளெல்லாம் அவளுக்கு நான் ஒருத்திதான்.

போன வருஷம் அண்ணன் படிப்பை நிறுத்தப் பார்த்தார். நான்தான் சண்டை போட்டேன். "ஒரேயொரு தடவை விடுங்க தம்பி, நான் இருக்கேன்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "கூடப் பொறந்திருந்தாக்கூட இப்படிப் பாத்துக்க மாட்டாங்க" என்று அண்ணியிடம் சொன்னார். அது தெருவெல்லாம் பரவியது. இந்த ஊரில் முதல் தடவையாக எனக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்தது.

ஐந்தாவது முறை அவள் என்னிடம் சொல்லாமல் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்தாள். குமாஸ்தாதான் உதவியிருக்கிறார். அவரே வாசித்தும் காட்டினார். முதல் பக்கத்தில், 'அந்நாட்டை ஓர் அரசன் ஆண்டான்' என்று வாசித்ததும் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள்.

"ஓர் அரசன்னா போட்டிருக்கு?"

"ஆமாம்மா."

"நான் ஒரு அரசன்னுதான் சொல்லுவேன். ஓர்னு என் வாயில வந்ததே கிடையாது. என்கிட்ட திருப்பி வாசிச்சப்பவும் அக்கா ஒருன்னுதான் வாசிச்சாங்க."

அதற்குப் பிறகு குமாஸ்தா வரிவரியாக வாசிக்க, அவள் அன்று சொன்னதை வரிவரியாக ஒப்பித்திருக்கிறாள். இரண்டரை மணி நேரம். ஒரு வார்த்தை பிசகவில்லையாம். கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஐயா. ஞாபகமெல்லாம் அப்படியே இருந்திருக்கிறது.

அந்த 'ஓர்' நான் வேண்டுமென்று போட்டதல்ல. உயிரெழுத்துக்கு முன்னால் 'ஒரு' எழுத என் கைக்கு வராது. கெடுக்க வேண்டும் என்று யோசித்துக் கெடுத்ததெல்லாம் அவள் காதுக்குத் தப்பித் தப்பிப் போனது. திருத்தம் என்று யோசிக்காமல் செய்ததில்தான் மாட்டிக்கொண்டேன். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று உங்கள் ஆள் வெளியே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும்.

உங்கள் அறிக்கையில் பதினோரு மாற்றங்கள் என்று இருக்கிறது. தவறு. பதினான்கு. ஏழாம் பக்கத்தில் இரண்டு, கடைசிப் பக்கத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அவள் சொல்லியிருப்பாள், குமாஸ்தா குறிக்காமல் விட்டிருப்பார். பென்சில் கொடுத்தால் குறித்துத் தருகிறேன். முந்தின நான்கு தேர்வுகளில் மொத்தம் நாற்பத்து மூன்று. அத்தனையும் நான் தெரிந்து செய்தது. ஒருவரும் தூண்டவில்லை. அவள் ஐந்து முறையும் தேர்ச்சி பெற்றிருப்பாள், முதல் முறையே நல்ல மதிப்பெண்ணில். இப்போது அந்த நகரத்தில் அவளுக்கு மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருக்கும்.

அவளுக்கு மறுதேர்வு வைக்கப்போவதாகவும், எழுதக் கல்லூரி மாணவி ஒருத்தியைப் போட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அந்தப் பெண்ணின் கையெழுத்தை நூலகப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். ஒற்றுப்பிழை மலிந்த எழுத்து. என்ன செய்வது, உங்கள் விருப்பம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வாக்குமூலத்தை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொன்னீர்கள். குமாஸ்தா திக்கித் திணறித்தான் வாசிப்பார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது தெரியாது. இரண்டரை வருஷமாக அவள் காதுக்குப் பழகியது என் குரல்தான். படியேறும்போதே என்னைத் தெரிந்துகொள்வாள். நானே போய் வாசித்துக் காட்டுகிறேன், ஐயா. ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.