பத்து ராத்தல் மணலும் இலவமரத்துக் கயிறும்

1946-ம் வருஷம் மாசி மாதம் 12-ந் தேதி, சப் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாக, தற்கொலைக்கு முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட எதிரி சொல்லக் கேட்டுக் குமாஸ்தா எழுதியது.

என் பெயர் சுருளியாண்டி. தகப்பனார் பெயர் காலஞ்சென்ற மொக்கைச்சாமி. இருப்பு கம்பத்தை அடுத்த சுருளிப்பட்டி, மேலத்தெரு. வயது எழுபது; தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்ததாக என் தாயார் சொல்லக் கேட்டது. ஜீவனம் விவசாயம். எனக்கு எழுத்து வாசனை கிடையாது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத் தெரியும்.

பதினாறு வயது முதல் ஐம்பத்தைந்து வயது வரை கூடலூர் வழியாகக் குமுளி மலைக்கு அரிசி மூட்டையும், இறங்கும்போது ஏலக்காய் மூட்டையும் தலையில் சுமந்தேன். போன ஆனி மாதம் கழுத்தின் இடதுபுறம் வலி கண்டது. அதன் பிறகு அந்த வலி தோளில் இறங்கி, முழங்கை வழியாகக் கட்டைவிரல் வரைக்கும் பழுத்த கம்பியை வைத்து இழுத்தது போல ஓடிற்று. அதன் பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயின. ஐப்பசி மாதம் ரேஷன் கார்டுக்குக் கைநாட்டு வைத்தபோது விரல் காகிதத்தில் பட்டது தெரியாமல் இழுத்துவிட்டேன். ரேகை ஈஷிவிட்டது. அங்கே இருந்த எழுத்தர், "என்ன பெரியவரே, சாணி மெழுகுறீகளா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அதன் பிறகு கம்பம் கடைவீதியில் செல்வமணி என்பவரைப் பார்த்தேன். ஜவுளிக்கடை வைத்திருக்கும், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பத்துப் பிள்ளை. யுத்தத்தின்போது பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களுக்குக் கை கால் நீவி நடமாட வைக்கிற வேலை பார்த்தவர். என் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நோவு கையில இல்ல பெரியவரே. கழுத்தெலும்புக்கு நடுவுல நரம்பு நசுங்குது. கையத் தேச்சு ஒண்ணும் ஆகாது, கழுத்த மெல்ல மேல தூக்கி அதுக்கு எடம் விடணும்" என்றார். அதன் பிறகு ஒத்தடம் கொடுத்து, தோளை அசைக்கப் பழக்கி, கூடாரத் துணியில் ஒரு வார் தைத்துக் கொடுத்தார். அதைத் தாடைக்கும் பிடரிக்கும் கொடுத்து மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வாரில் கட்டிய கயிறு மேலே உருளையில் ஏறி மறுபக்கம் இறங்கும். அந்த நுனியில் பத்து ராத்தல் மணல். ஆறு வாரம் ஒரு நாள் விடாமல் செய்யச் சொன்னார்.

அதை வீட்டு உத்தரத்தில் கட்டப் போனேன். என் மருமகள் ராக்கம்மாள் குறுக்கே வந்து, "உத்தரத்துல கயித்தத் தொங்க விடாதீக மாமா. பிள்ளைகுட்டி இருக்கிற வீடு, ஆகாது" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால் என் சோளக்காட்டு ஓரத்து இலவமரத்தில் பழைய உருளையைக் கட்டி, கீழே ஒரு கல்லைப் போட்டு அதில் உட்கார்ந்தேன். என்னிடம் கடிகாரம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் நாற்பது சால் இறைக்கிற நேரம் கணக்கு.

இருபத்தாறாம் நாள் காலையில் கஞ்சிச் சட்டியைத் தூக்கும்போது கட்டைவிரல் சுட்டது. சட்டியைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

இருபத்தெட்டாம் நாள், பதினெட்டாவது சால் இறைக்கும்போது, தலையாரி கருத்தக்கண்ணன் வாய்க்கால் கரைமேல் வந்தான். அவன் நின்ற இடத்திலிருந்து சோளத்துக்கு மேலே என் தலையும் கயிறும் மட்டும்தான் தெரிந்திருக்கும். "ஓடியாங்க, சுருளியாண்டிப் பெரியப்பா நாண்டுக்கிட்டாக!" என்று கத்தினான். வார் தாடையை மேலே இழுத்துப் பிடித்திருந்ததால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவன், "ஏலே, உசுரு இன்னும் துடிக்குதுடா!" என்று சொல்லி ஓடிவந்து அரிவாளால் கயிற்றை வெட்டினான். நான் கல்லிலிருந்து மல்லாந்து விழுந்தேன். அதன் பிறகு அவன் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான். நான் வாரைக் கழற்றிவிட்டு, "நீ போட்ட சத்தத்துலதான்டா உசுரு போகப் பாத்துச்சு" என்று சொல்லி ஒரு அறை விட்டேன். வலது கையால் அடித்தேன். அடித்தது உண்மை.

அதன் பிறகு போலீசார் வாரையும் உருளையையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி, "தீராத வயித்துவலின்னு எழுதிக்கிறோம். கோர்ட்டுல ஆமான்னு சொல்லு, எச்சரிச்சு விட்டுருவாக. எல்லாருக்கும் லேசு" என்றார். "எழுபது வருசத்துல எனக்கு ஒரு நாளும் வயிறு வலிச்சதில்ல. கழுத்துன்னு எழுதுங்க" என்றேன். "கயித்தோட பிடிபட்டவன் கழுத்துன்னு சொன்னா இன்னும் மோசமய்யா" என்றார்.

செய்யாததைச் செய்தேன் என்று சொல்லி வீட்டுக்குப் போக எனக்கு இஷ்டமில்லை. சாகப் போகிறவன் மணலைத் தராசில் நிறுத்துக் கட்ட மாட்டான். தாடை உரசாமல் இருக்க வேட்டித் துணியை மடித்து வைக்க மாட்டான். கல்லில் உட்கார்ந்து சால் எண்ண மாட்டான். செல்வமணி கோர்ட்டு வாசலில் நிற்கிறார். அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஏதாவது ஒரு குற்றம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்றால், தலையாரியை அடித்த குற்றத்தை எழுதிக்கொள்ளலாம்.

எனக்கு மன்னிப்போ எச்சரிக்கையோ வேண்டாம். மேஜைமேல் சீட்டுக் கட்டி வைத்திருக்கும் வாரும் உருளையும்தான் வேண்டும். கயிறு வேறு வாங்கிக்கொள்வேன். ஆறு வாரத்தில் நாலு வாரம்தான் ஆகியிருக்கிறது. அவற்றை எடுத்துவந்து இன்றோடு இருபது நாள். நாலு நாளாகக் கட்டைவிரல் திரும்பவும் மரத்துக்கொண்டு வருகிறது. வழக்கு எத்தனை வாய்தா போனாலும் நான் வருவேன். என் கை அதுவரைக்கும் காத்திருக்காது.

மேலே எழுதியதை எனக்கு நிறுத்தி வாசித்துக் காட்டினார்கள். கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. வயிற்றுவலி என்று இதில் வருவது நான் மறுத்த இடத்தில் மட்டுமே. இடது கைப் பெருவிரலில் மை தடவியபோது பாதி விரலில்தான் ஈரம் தெரிந்தது. முதலில் வைத்த ரேகை ஈஷிவிட்டது. குமாஸ்தா ஐயா என் விரலைப் பிடித்துப் பக்கத்தில் இன்னொன்று வைக்கச் செய்தார். இரண்டும் என்னுடையவை. முதல் ரேகையை யாரும் அடிக்கவோ சுரண்டவோ வேண்டாம். அது என் சாட்சி.

சுருளியாண்டி
இடது கைப் பெருவிரல் ரேகைகள், இரண்டு